கரடிக்காரியின் கல்யாணத் தேதி

ஸ்வால்பார்ட், கிழக்குக் கரை
5 மார்ச் 1989

அன்புள்ள அண்ணா,

நான் நலம். மூக்கு நுனி மட்டும் தோலுரிந்து வேகவைத்த உருளைக்கிழங்கு போல இருக்கிறது. நீயும் யோருன் அண்ணியும் நலமா? உன் முதுகுவலி எப்படி? கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இன்னும் பிரேக்கை மிதித்து மிதித்து உன்னை ஆட்டிவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்களா?

இந்த வடதுருவத் தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மரக்குடில் சின்னது. இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். இங்கே துப்பாக்கித் துணை இல்லாமல் வெளியே கால் வைக்கக் கூடாது என்பதால் பதிப்பகத்தார் ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். ஹால்ஸ்டைன் என்று பெயர். மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். தங்கமான மனிதர். ஆனால் வாய் மூடாது. "கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன், கரடிக்குக் காது கேட்கும்" என்றேன். "ஏம்மா, அது மாசக்கணக்கா குழிக்குள்ள தனியாக் கெடக்கு. ரெண்டு வார்த்தை பேசினா அதுக்கும் ஆறுதலா இருக்காதா?" என்கிறார்.

எனக்கு வேண்டிய படம் உனக்குத் தெரியும். தாய்க்கரடி குட்டிகளோடு முதல்முறை வெளியே வருகிற படம். வெறும் வெள்ளைச் சரிவு, அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துளை, அதிலிருந்து லேசாக மூச்சின் ஆவி. அவ்வளவுதான் இப்போதைக்கு. எதிரே பனியில் குழி தோண்டி, பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கேமரா பேட்டரி குளிரில் செத்துப்போகாமல் இருக்க அதை அக்குளில் வைத்திருக்கிறேன். கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரி இருக்கிறது.

ஒரே ஒரு உதவி. ஆர்வித்தைப் பார்த்துக்கொள். செப்டம்பர் இரண்டாம் தேதி எங்கள் கல்யாணம் வரைக்கும் தனியாக விட்டால் டின்னில் வரும் மீன் உருண்டையைத் தின்றே காலத்தை ஓட்டிவிடுவார். ஊருக்கெல்லாம் பல் பார்க்கிறவர், தன் வயிற்றைப் பார்க்க மாட்டார். வாரம் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு. கூச்ச சுபாவம், வற்புறுத்தினால்தான் வருவார்.

வானிலை நிலையத்து ஹெலிகாப்டர் எப்போது வருகிறதோ அப்போது இந்தக் கடிதம் புறப்படும். அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
தோர்டிஸ்


நாம்சோஸ்
21 மார்ச் 1989

அன்புத் தங்கை தோர்டிஸ்,

இங்கு எல்லோரும் சௌக்கியம். என் முதுகும் பழையபடி. மூக்குக்கு ஏதாவது களிம்பு போடு. கல்யாணப் பெண் மூக்கு உரிந்து நிற்கக் கூடாது என்று உன் அண்ணி சொல்கிறாள்.

நீ சொன்னபடி மாப்பிள்ளையை வியாழக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும். நீ சொன்னது சரி, ஆளுக்குக் கூச்சம் அதிகம். மாலை முழுக்க அவர் பேசியது "நல்லா இருக்கு", "இன்னும் கொஞ்சம் போடுங்க", இவ்வளவுதான். பரவாயில்லை, நான்தான் பேசினேனே.

யோருனின் தங்கை எல்ஃப்ரிட் டிரோன்ட்ஹைமிலிருந்து வந்திருக்கிறாள். இங்கே நூலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு பார்க்கும்வரை எங்கள் மாடி அறையில் இருப்பாள். பாவம், வந்ததிலிருந்து கடைவாய்ப் பல்லில் வலி. நம் நல்ல காலம், மேசையிலேயே பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார்! காப்பி ஆறுவதற்குள் பார்த்துவிட்டார். மறுநாள் மருத்துவமனைக்கு வரச் சொன்னார்.

கரடி வந்தால் ஓடாதே. ஓடினால்தான் துரத்துமாம். வானொலியில் சொன்னார்கள்.

உன் அண்ணன்,
ஓட்வார்


கிழக்குக் கரை
10 ஏப்ரல் 1989

அன்புள்ள அண்ணா,

உடம்பு நலம், மனம் பத்து நாளாக நலமில்லை, இன்று மறுபடி நலம். நீங்கள் எல்லோரும் சுகமா? எல்ஃப்ரிட்டின் பல் சரியாகிவிட்டதா?

அந்தத் துளை பெரிதாயிற்று. முதலில் கறுப்பு மூக்கு, பிறகு தலை, பிறகு தோள். தாய் வெளியே வந்து சரிவில் முதுகைத் தேய்த்துக்கொண்டு படுத்தது. பின்னாலேயே இரண்டு குட்டிகள். இந்த நொடிக்காகத்தான் நான் பல வருஷமாகப் பதிப்பகத்துப் படியேறியது. பொத்தானை அழுத்தினேன், ஃபிலிமை வேகமாக முன்னே தள்ளினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். இந்தக் குளிரில் ஃபிலிம் அப்பளம் மாதிரி ஆகிவிடும், மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கே மறந்துவிட்டது. உடைந்துவிட்டது.

வேறு சுருள் மாட்டுவதற்குள் ஹால்ஸ்டைன் தும்மினார். சாதாரணத் தும்மல் இல்லை, மலை திருப்பிச் சொன்னது. மூன்றும் உள்ளே.

நான் அழுதேன். "அழாதம்மா, கண்ணீர் உறைஞ்சு இமை ஒட்டிக்கும்" என்றார். அப்புறம் சும்மா இருந்தாரா? "வளைக்குள்ள போனது திரும்பி வராதா? வீட்டுக்குள்ளயே இருக்கறதுக்கு அதென்ன என் மாமியாரா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. இமையும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இன்று காலை வந்தன. ஒரு குட்டி தாயின் முதுகில் ஏறி வழுக்கி விழுந்தது, மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினேன். கிடைத்துவிட்டது, அண்ணா!

ஆர்வித்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம் ஈறு பராமரிப்பு. முடிவில் "உண்மையுள்ள" என்று கையெழுத்து. நல்ல மனிதர்.

தோர்டிஸ்


நாம்சோஸ்
26 ஏப்ரல் 1989

அன்புத் தங்கை,

நலம், நலமறிய ஆவல். படம் கிடைத்த செய்தியைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினார்.

எல்ஃப்ரிட்டின் பல் இன்னும் சரியாகவில்லை. வேர் வரைக்கும் பார்க்க வேண்டுமாம். சிக்கலான பல். ஆர்வித் மிகவும் பொறுப்பாகப் பார்க்கிறார். திங்கள், புதன் மருத்துவமனையில். மற்ற நாட்களில் வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வீட்டுக்கே வந்துவிடுகிறார். வற்புறுத்த வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

எல்ஃப்ரிட்டுக்கு நான் கார் ஓட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன். பின் இருக்கையில் ஆர்வித் உட்கார்ந்து வருகிறார். வண்டி குலுங்கினால் பல்லில் வைத்த மருந்து விழுந்துவிடுமாம். அதைக் கவனிக்கத்தான். உன் வருங்காலக் கணவர் தொழிலில் எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நீ தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். வேறு ஒன்றுமில்லை.

உன் அண்ணி நீ எப்போது வருவாய் என்று இரண்டு முறை கேட்டாள். கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?

ஓட்வார்


கிழக்குக் கரை
7 மே 1989

அன்புள்ள அண்ணா,

நான் உயிரோடு நலம். 'உயிரோடு' என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் எல்லோருடைய உடம்பும் எப்படி?

எங்கள் கழிப்பறை குடிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முந்தாநாள் காலை அங்கே போனேன், வழக்கம்போல கேமராவோடு. அதில் மாட்டியிருந்தது கரடிக்கான நீளக் குழல் லென்ஸ். ஐந்து மீட்டருக்கு இப்பால் இருக்கிற எதுவும் அதற்குக் கண் தெரியாது.

கதவில் காற்றுக்காக இதய வடிவில் ஒரு துளை வெட்டியிருப்பார்கள், உனக்குத் தெரியுமே. உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று வெளிச்சம் மறைந்தது. பார்த்தால், அந்த இதயம் நிறைய ஒரு கறுப்பு மூக்கு. ஈரமாக, பளபளவென்று, உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டு. அந்த மூச்சில் சீல் கொழுப்பு நாற்றம். என் வாழ்க்கையில் இனி இப்படி ஒரு படம் வாய்க்காது. கையில் இருப்பதோ அந்தக் குருட்டு லென்ஸ். சரியானது குடிலில் ஆணியில் தொங்குகிறது.

"ஹால்ஸ்டைன்! கரடி!" என்று கத்தினேன்.

உள்ளே அவர் பன்றிக்கறி வறுத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் அவசரமில்லம்மா, நீ மெதுவா வா!" என்று பதில் வந்தது.

"கரடி! கரடி!"

"ஆமா, இன்னிக்கும் வரும், வரும்! கவலப்படாத!"

கடைசியில் என்னைக் காப்பாற்றியது குட்டிகள்தான். அவை பனி ஸ்கூட்டரின் இருக்கையைப் பிய்த்துப் பஞ்சை இறைத்ததை ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். என்னைக் கரடி தின்பது பரவாயில்லை போலிருக்கிறது, வண்டி என்றதும் வாணலியும் கரண்டியுமாக வெளியே பாய்ந்தார். "ஏய்! எறங்கு! அது உங்கப்பன் வீட்டு வண்டியா?" பிறகு வாண வெடியைச் சுட்டார். தாய் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, அவமானப்பட்ட விருந்தாளி மாதிரி, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அந்த நேரத்தில் எனக்கு யார் நினைவு வந்தது என்று மட்டும் கேட்காதே.

பொதுவாக ஒரு கேள்வி. தேவாலயத்து மண்டபத்தைப் பதிவு செய்தால், பிறகு தேதியை மாற்ற முடியுமா? ஹால்ஸ்டைன் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.

தோர்டிஸ்


நாம்சோஸ்
29 மே 1989

அன்புத் தங்கை,

நலம். கழிப்பறைக்குப் போகும்போது துப்பாக்கியை எடுத்துப் போ.

இங்கே நல்ல மழை. போன வாரமும் மழை. மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்திலும் மழை. எல்ஃப்ரிட் குடை கொண்டுவர மறந்துவிட்டாள். தற்செயலாக ஆர்வித்திடம் ஒரு குடை இருந்தது. ஊர்வலம் நீளமாக இருந்தது. நிறையப் பேர் பார்த்தார்கள். கொடிகளைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சகலையும் (மன்னிக்கவும், பேனா தடுக்கிவிட்டது) நானும் மாப்பிள்ளையும் படகுக்கு வர்ணம் அடித்தோம். நீல வர்ணம்.

மண்டபம் பற்றி ஹால்ஸ்டைன் ஏன் கேட்கிறார்? அவருக்குக் கல்யாணமா?

மழை இன்னும் நிற்கவில்லை.

ஓட்வார்


கிழக்குக் கரை
13 ஜூன் 1989

அன்புள்ள அண்ணா,

நலம். உன் பேனா நலமா? தடுக்கி விழுந்ததில் அடி பலமோ?

மாப்பிள்ளை என்றால் உன் தங்கையின் கணவன். சகலை என்றால் உன் மனைவியின் தங்கைக்குக் கணவன். பேனா தடுக்கி விழுந்தாலும் இவ்வளவு சரியான இடத்தில் விழாது.

பனியில் தடம் பார்ப்பது என் பிழைப்பு. இரை இல்லாத இடத்துக்கு ஒரு விலங்கு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது இரைக்காக வரவில்லை. உன் கடிதங்களை எல்லாம் ஹால்ஸ்டைனுக்கும் வாசித்துக் காட்டினேன். "ஏம்மா, ஒத்தப் பல்லுக்கு ரெண்டு மாசமா? கப்பல்ல நான் குறட்டால ஒரே இழுப்புல எடுத்திருப்பேன். இது பல்லு இல்ல" என்றார்.

அண்ணா, உண்மையைச் சொல். நானும் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் எனக்கு ஒரு ஓலை வந்தது. நவம்பரில் தென்துருவத்துக்கு ஒரு ஆய்வுக் கப்பல் போகிறது. பென்குயின், சீல், எல்லாம். படம் எடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆகும். செப்டம்பரில் கல்யாணம் செய்துகொண்டு நவம்பரில் ஓடுகிறவள் ஒரு மனைவியா? இதை உனக்கு எழுதத் தைரியமில்லாமல் ஹால்ஸ்டைன் தலையில் கட்டினேன். பாவம், அவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள்.

கழிப்பறையில் கரடி மூச்சு விட்டபோது எனக்கு ஆர்வித் நினைவே வரவில்லை, அண்ணா. ஆணியில் தொங்குகிற லென்ஸ்தான் வந்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதில் போடு. மழையைப் பற்றி வேண்டாம்.

தோர்டிஸ்


நாம்சோஸ்
15 ஜூன் 1989

என் அருமைத் தங்கை தோர்டிஸ்,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி. முதலில் துப்பாக்கியை ஹால்ஸ்டைனிடம் கொடுத்துவிடு. துக்கத்தில் கரடிப் பக்கம் போய்விடாதே.

எப்படிச் சொல்வேன்? நீ என்னை நம்பி ஒப்படைத்தாய். நான் சாப்பாடு போட்டேன். வேறு எந்தப் பாவமும் நான் செய்யவில்லை. ஆட்டுக்கறி போட்டேன், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை யோருன் சமையலறைக்குள் போயிருக்கிறாள். அங்கே ஆர்வித் எல்ஃப்ரிட்டின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாராம். கையில் விளக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அவள் வாயும் திறந்திருக்கவில்லை.

யோருன் வெளியே வந்து என்னிடம் சொன்னது: "ஏங்க, அந்தப் பல்லு நல்லாயிடுச்சுங்க."

எல்ஃப்ரிட் மாடியில் உட்கார்ந்து அழுகிறாள். "நான் எப்படி தோர்டிஸ் முகத்துல முழிப்பேன்" என்கிறாள். ஆர்வித் உனக்குக் கடிதம் எழுத அன்றிலிருந்து முயல்கிறார். "அன்புள்ள" வரை வந்துவிட்டார். ஊரில் எல்லோருக்கும் மே பதினேழிலேயே தெரிந்திருக்கிறது, குடைக்குள் இருந்த இரண்டு பேருக்கும் எனக்கும் மட்டும்தான் தாமதமாகத் தெரிந்தது. பொய். எனக்கு முன்பே தெரியும். மழையைப் பற்றி எழுதினேனே, அப்போதே தெரியும்.

நீ திட்டு. பரவாயில்லை. ஆனால் பதில் போடு. பதில் வராவிட்டால் நானே கிளம்பி வந்துவிடுவேன். எனக்கு ஹெலிகாப்டர் என்றாலே பயம்.

உன்னை ஏமாற்றிய அண்ணன்,
ஓட்வார்


கிழக்குக் கரை
4 ஜூலை 1989

அன்புள்ள அண்ணா,

கிளம்பி வராதே. நான் நலம்! இந்நேரம் என் கடிதம் உனக்கு வந்திருக்கும். நம் இருவர் கடிதமும் ஒரே ஹெலிகாப்டரில் மேலும் கீழுமாகப் போயிருக்கின்றன.

உன் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஹால்ஸ்டைன் எனக்குப் பனிக்கிறுக்கு பிடித்துவிட்டது என்று நினைத்துச் சூடாகப் பால் கொடுத்தார். பிறகு, உன்னிடம் மறைப்பானேன், இரண்டு நாள் கேமராவைத் தொடவில்லை. நான் விட்டுவிட நினைத்தது வேறு. என்னை ஒருத்தர் எனக்கு முன்னாலேயே விட்டுவிட்டார் என்பது வேறு. கேவலமான குணம்தான். ஆனால் இருந்தது.

"விட்ட மீனுக்கும் அழுவுற, புடிச்ச மீனுக்கும் அழுவுற. உனக்கு மீன் வேணுமா, வேணாமா?" என்று ஹால்ஸ்டைன் கேட்டார்.

"வேணாம்" என்றேன்.

"அப்ப எந்திரிச்சு வா, வால்ரஸ் வந்திருக்கு."

போனேன். நீளத் தந்தமும் மீசையுமாக நாற்பதோ ஐம்பதோ கடற்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன. நம் மாமா வீட்டுக் கிறிஸ்துமஸ் மாதிரி. ஆறு சுருள் எடுத்தேன். அதற்குள் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

எல்ஃப்ரிட்டிடம் அழ வேண்டாம் என்று சொல். ஆர்வித்திடம் "அன்புள்ள"வுக்கு மேல் எழுத வேண்டாம் என்று சொல். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னிடம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை, ஒருமுறைகூடக் குடை பிடித்ததுமில்லை. தப்பு அவருடையது மட்டுமில்லை, நான் மழையில் நிற்கிற ஆளே இல்லை.

அண்ணியின் கை நலமா? இதுவரை ஒரு கடிதத்திலும் அண்ணி ஒரு வரிகூட எழுதவில்லையே.

தோர்டிஸ்


நாம்சோஸ்
23 ஜூலை 1989

அன்புத் தங்கை,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். முதுகுவலிகூட நின்றுவிட்டது. எல்லோரும் நலம். உன் அண்ணிக்குக் கையும் நலம், வாயும் நலம். என்ன நடந்தது கேள்.

மண்டபத்தை ரத்து செய்யப் புறப்பட்டேன். யோருன் வாசலில் மறித்தாள். "எதுக்குங்க ரத்து? தேதி இருக்கு. மண்டபம் இருக்கு. பாதாம் வளையக் கேக்குக்குச் சொல்லியாச்சு. மாப்பிள்ளை அப்படியே இருக்கான். பொண்ணு மட்டும்தானே மாறுது?"

பாதிரியாரிடம் போனோம். பெயரை மாற்ற வேண்டும் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் பெயரை?" என்றார். யோருன் சொன்னாள். மறுபடி துடைத்தார். "கரடிக்காரப் பொண்ணுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். உன் கடிதத்தைக் காட்டினேன். வால்ரஸ் வரை படித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

இப்போது ஒரு விண்ணப்பம். கேட்கவே எனக்குக் கூச்சம், யோருன்தான் கேட்கச் சொல்கிறாள், அவளிடம் எல்ஃப்ரிட் கேட்டாளாம். கல்யாணத்துக்கு நீ படம் எடுப்பாயா? முடியாது என்றால் ஒரு வார்த்தை எழுது, ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுகிறோம். அவர் எடுத்தால் எல்லோரும் பாஸ்போர்ட்டில் இருப்பது போல இருப்போம், அவ்வளவுதானே.

இனிமேல் எழுதலாம் அல்லவா? சகலை உனக்குத் தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார்.

ஓட்வார்


ஓஸ்லோ
12 செப்டம்பர் 1989

அன்புள்ள அண்ணா,

நலமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக் கொடுத்த கேக்கை ரயிலிலேயே முடித்துவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் களைப்புத் தீர்ந்ததா?

இத்துடன் கல்யாணப் படங்கள். இரண்டு காலில் நிற்கிற பிராணியை நான் இதுவரை எடுத்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்த முறையில் எடுத்தேன். நான் எங்கே இருந்தேன் என்று எல்லோரும் கேட்டீர்களாம். ஆர்கன் பெட்டிக்குப் பின்னால், அப்புறம் கோட்டுகள் தொங்கும் அறையில், அப்புறம் கேக் மேசைக்கு அடியில். பாதிரியார் என் மேல் இடறி "ஐயோ கடவுளே" என்றது பிரார்த்தனை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும்: நீ எந்தப் படத்திலும் வாய் மூடி இல்லை. ஒன்றில் மென்றுகொண்டிருக்கிறாய், மற்றதில் எல்லாம் பேசிக்கொண்டிருக்கிறாய். கேமராவைப் பார்த்துச் சிரிப்பதும் நீ மட்டும்தான். எங்கே ஒளிந்திருந்தாலும் எப்படித்தான் கண்டுபிடித்தாயோ! கரடிகள் உன்னிடம் பாடம் கற்க வேண்டும்.

தனியாக ஒரு உறையில் வைத்திருக்கிற படத்தை மட்டும் எல்ஃப்ரிட்டிடம் கொடு. தேவாலயத்துக் கதவு திறந்து அவள் உள்ளே வருகிறாள், படத்தில் அவள் இல்லை. ஆர்வித் மட்டும் இருக்கிறார், அவளைப் பார்க்கிறார். அண்ணா, நான்கு வருஷம் அந்த மனிதருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இப்படி ஒரு முகம் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. எவ்வளவு காத்திருந்தாலும் எனக்கு அது வெளியே வந்திருக்காது.

வயிற்றெரிச்சல் வருகிறதா என்று ஒரு நொடி பார்த்தேன். வரவில்லை. வெளிச்சம் மாறிவிடுமே என்ற பயம்தான் வந்தது. அழுத்திவிட்டேன்.

கப்பல் நவம்பரில். ஹால்ஸ்டைனும் வருகிறார், சமையலுக்கு. பென்குயின்கள் நிறையப் பேசுமாம், அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது என்கிறார். வழியனுப்ப நீ வராதே, அழுவாய். அண்ணியை அனுப்பு.

அன்புடன்,
தோர்டிஸ்